சென்னையில் சிலை பார்க்க எங்கே போகலாம்: மெரினாவா, மவுண்ட் ரோடா, எழும்பூரா?

வெளியூரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "மெரினாவுக்குப் போனா எல்லாச் சிலையும் பாத்துடலாம்ல?" பாதி சரி. சென்னையில் சிலை பார்க்க மூன்று வழிகள் இருக்கின்றன. கடற்கரையை ஒட்டிய காமராஜர் சாலை ஒன்று. தீவுத்திடலில் தொடங்கி அண்ணா சாலையோடு, அதாவது பழைய மவுண்ட் ரோட்டோடு போவது இன்னொன்று. மூன்றாவது, ஒரு காலத்தில் தெருவில் நின்று பிறகு உள்ளே கொண்டுபோகப்பட்ட சிலைகள். அவை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் எழும்பூர் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன.

ஒரே ஒரு சாயங்காலம்தான் கையில் இருக்கிறது என்றால் மெரினா. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூடவே ஒரு காலை நேரமும் கிடைத்தால் அண்ணா சாலையை விட்டுவிட்டு அருங்காட்சியகங்களுக்குப் போங்கள் என்பேன். வழிகாட்டிப் புத்தகங்கள் இந்த வரிசையில் சொல்வதில்லை. நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

முதலில் மெரினா. காலையில் நடைப்பயிற்சியோடு சிலையும் பார்த்துவிடலாம் என்று பலர் போகிறார்கள். சிலைகள் சாலையைப் பார்த்து, அதாவது மேற்கு நோக்கி நிற்கின்றன. காலைச் சூரியன் அவற்றின் முதுகுக்குப் பின்னால் ஏறுவதால் முகமெல்லாம் இருட்டாகத்தான் தெரியும். நான்கு மணிக்கு மேல் போனால் வெயில் நேரே முகத்தில் விழும்.

வடக்கு முனையில், அண்ணா சதுக்கத்துப் பக்கம் உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-ல் திறந்தது. எழும்பூர் ஓவியக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் அவர். தெற்கே தடியூன்றி நடக்கிற காந்தியும் அவர் கைவண்ணம்தான். நான்கு ஆட்கள் ஒரு பாறையைப் புரட்டுகிறார்கள். பேருந்திலிருந்து பார்த்தால் இவ்வளவுதான் தெரியும். பக்கத்தில் போய், முகங்களை விட்டுவிட்டுக் கால்களைப் பாருங்கள். கெண்டைக்கால் புடைத்து, மொத்த பாரமும் பாதத்தில் இறங்கியிருக்கும். கல்லின் எடையைச் சிற்பி கல்லில் காட்டவில்லை, காலில் காட்டியிருக்கிறார். இந்தச் சாலையில் மற்ற எல்லாருக்கும் பீடத்தில் பெயர் உண்டு, இந்த நால்வருக்கு இல்லை. 1923-ல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது இதே சென்னைக் கடற்கரையில் என்பதால், சிலை சரியான இடத்தில்தான் நிற்கிறது.

அங்கிருந்து தெற்கே நடந்தால் 1968 ஜனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்காக அண்ணா காலத்தில் வைத்த சிலைகள் வரும். வள்ளுவர், ஔவை, கம்பர், பாரதி, பாரதிதாசன், வ.உ.சி. என்று போகும் அந்த வரிசையில் மூன்று ஐரோப்பியர்களும் நிற்கிறார்கள்: வீரமாமுனிவர், ஜி.யு.போப், கால்டுவெல். பலரும் இவர்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வீரமாமுனிவர் பக்கத்தில் நிற்கும்போது, சுண்டல் வண்டிகளில் "தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல்" என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். அந்த "தே"யில் இருக்கும் இரட்டைக் கொம்பு அவர் கொடுத்தது. அதற்கு முன் "தெ"யையும் "தே"யையும் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துத்தான் பிரித்துப் படிக்க வேண்டும். ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்று பலர் அதையும் வைக்காமல் விட்டார்கள். இத்தாலியிலிருந்து வந்த ஒருவர் அந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டுப் போனார். போப் 1886-ல் திருக்குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். கால்டுவெல் 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார்.

இடையன்குடிப் பக்கத்துச் சித்தப்பா ஒருவரைக் கூட்டிப் போயிருந்தேன். கால்டுவெல் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். "நம்ம ஊர்ல படுத்திருக்காரு, இங்க நிக்காரு" என்று மட்டும் சொன்னார். கால்டுவெல் ஏறக்குறைய ஐம்பது வருடம் நெல்லைச் சீமையில் வாழ்ந்தவர். 1891-ல் கொடைக்கானலில் இறந்தாலும் அடக்கம் இடையன்குடியில்தான்.

அப்புறம் கண்ணகி. அவளை இப்போதைக்கு அங்கேயே விடுகிறேன், திரும்ப வரலாம்.

இரண்டாவது வழியில் உண்மையாகவே பார்க்க வேண்டியது ஒரு சிலைதான்: தீவுத்திடலில் குதிரைமேல் இருக்கும் தாமஸ் மன்றோ. பிரான்சிஸ் சான்ட்ரி லண்டனில் வார்த்த வெண்கலம், 1839-லிருந்து அங்கே நிற்கிறது. சேணமும் இல்லை, கால் வைக்கிற அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார் என்று ஆட்டோக்காரர் முதல் ஆசிரியர் வரை சொல்லக் கேட்டிருக்கிறேன். அது வெறும் கதை. லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் சான்ட்ரி செய்த நான்காம் ஜார்ஜும் இப்படித்தான், சேணமும் அங்கவடியும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். பழைய ரோமானியச் சிலைகளைப் பார்த்து அவர் எடுத்துக்கொண்ட பாணி அது.

மன்றோ பாராமகாலில், அதாவது இன்றைய சேலம், தர்மபுரி பக்கம் வேலை பார்த்தவர். 1820 முதல் 1827-ல் காலராவில் இறக்கும்வரை சென்னை கவர்னர். ஜமீன்தார் நடுவில் இல்லாமல் உழுகிறவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை அவர் பெயரோடு சேர்ந்தது. இவ்வளவு விஷயம் இருந்தும் கிட்டே போய்ப் பார்ப்பது சிரமம். சாலை நடுவே, நாலா பக்கமும் வண்டிகள். குழந்தைகளோடு போகிறவர்கள் ஓரத்தில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதற்குமேல் அண்ணா சாலையில் பெரியார், 1961-ல் நேரு வந்து திறந்த காமராஜர், 1968-ல் திறந்த ஒற்றை விரல் அண்ணா. காமராஜரும் அண்ணாவும் உயிரோடு இருக்கும்போதே வைத்த சிலைகள். கருணாநிதிக்கு 1975-ல் இதே சாலையில் வைத்தது 1987-ல் எம்.ஜி.ஆர். மறைந்த அன்று உடைக்கப்பட்டது. அரசியல் வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்தச் சாலை பேசும். மற்றவர்களுக்குப் பேருந்து ஜன்னலே போதும்.

மூன்றாவது வழியை நான் தூக்கிப் பிடிப்பது இதனால்தான்: தெருவில் பீடத்தின் உயரம் சிலையை நம்மிடமிருந்து தள்ளி வைக்கிறது, உள்ளே கைக்கெட்டும் தூரத்தில் நிற்கலாம். கோட்டை அருங்காட்சியகத்தில் 1800-ல் கப்பலில் வந்த, கவர்னர் ஜெனரலாக இருந்த காரன்வாலிஸின் பளிங்குச் சிலை இருக்கிறது. ஆளை நிமிர்ந்து பார்க்க வேண்டாம், பீடத்தைப் பாருங்கள். 1792-ல் திப்பு சுல்தானின் இரண்டு மகன்களைப் பிணையாக வாங்குகிற காட்சியைப் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். இரண்டும் சின்னப் பிள்ளைகள். அதை வெற்றி என்று நினைத்துக் கல்லில் வெட்டி, இந்த ஊர் நடுவில் வைத்திருந்தார்கள். எனக்கு அந்த இடத்தைத் தாண்டி நகரவே நேரமாகும்.

எழும்பூரில் இருப்பது நீல். 1857 கிளர்ச்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் கண்டவர்களையெல்லாம் தூக்கில் போட்ட ஆங்கிலேய அதிகாரி. அவருக்கு மவுண்ட் ரோட்டில் சிலை. அதை எடுக்கச் சொல்லி 1927-ல் போராட்டம் நடந்தது. கடலூர் அஞ்சலையம்மாள் தன் சின்னப் பெண்ணோடு கலந்துகொண்டு சிறை போனார். பத்து வருடம் கழித்து, 1937-ல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் சிலை சாலையை விட்டுப் போனது. பிற்பாடு எழும்பூர் வந்து சேர்ந்தது.

இப்போது கண்ணகி. 2001 டிசம்பரில் லாரி மோதிப் பீடம் சேதமானதாகச் சொல்லி அவள் சிலையைக் கடற்கரையிலிருந்து எடுத்தார்கள். கொண்டுபோய் வைத்தது அதே எழும்பூர் அருங்காட்சியகத்தில். 2006 ஜூனில் மெரினாவுக்குத் திரும்பினாள். ஊர் வேண்டாம் என்று அனுப்பிய நீலும், ஊர் திரும்பக் கேட்டு வாங்கிய கண்ணகியும் சில வருடங்கள் ஒரே வளாகத்தில் இருந்திருக்கிறார்கள். போப் கடற்கரையில், மன்றோ சாலை நடுவில், நீல் கட்டடத்துக்குள். இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்பது மூன்றில் ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் பிடிபடாது.

போகிறவர்களுக்கு: இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. கோட்டைக்குள் தலைமைச் செயலகம் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு, அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கோட்டை, அடுத்து எழும்பூர். சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்குச் சேப்பாக்கம் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் உழைப்பாளர் சிலைக்கு வந்துவிடலாம். அங்கிருந்து மெதுவாகத் தெற்கே வாருங்கள். பாரதி சாலை வந்து முட்டுகிற இடத்தில் கண்ணகி நிற்பாள், கையில் சிலம்போடு. வெயில் இறங்குவதற்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.