ஒரே விரிகுடா, இரண்டு வழிகள்: டாம்பாவும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கும்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தின் மேற்குக் கரையிலுள்ள டாம்பா விரிகுடாவில் 1950 வாக்கில் சுமார் 40,000 ஏக்கர் கடற்புல் இருந்தது. 1982-இல் அது 22,000 ஏக்கருக்கும் கீழே போயிருந்தது. நகரங்களின் அரைகுறையாகச் சுத்திகரித்த கழிவுநீர் பாசியைப் பெருக்கியதும், பாசி மண்டிய கலங்கல் நீரில் அடித்தரைப் புல்லுக்கு வெயில் எட்டாமல் போனதும் இந்த இழப்புக்கு முக்கியக் காரணங்கள். விரிகுடாவில் கழிவுநீரை விடுவோர் மிக உயர்ந்த தரத்துக்குச் சுத்திகரித்தே விட வேண்டும் என்று 1972-இல் மாநிலச் சட்டம் வந்தபோது, எதிரெதிர்க் கரைகளில் இருந்த இரண்டு நகரங்கள் இரண்டு வெவ்வேறு முடிவுகளை எடுத்தன.

டாம்பா நகரம் நீரை விரிகுடாவிலேயே விடுவது என்றும், அதற்கு முன் அதிலுள்ள நைட்ரஜனை நீக்கிவிடுவது என்றும் தீர்மானித்தது. பாஸ்பேட் வளம் மிக்க நிலத்தை ஒட்டிய விரிகுடா என்பதால் அங்கே பாஸ்பரசுக்கு இயல்பாகவே பஞ்சமில்லை. பாசி எவ்வளவு வளரும் என்பதைத் தீர்மானிப்பது நைட்ரஜன்தான். 1970-களின் இறுதியில் நகரத்தின் ஹுக்கர்ஸ் பாயின்ட் கழிவுநீர் நிலையம் மேம்படுத்தப்பட்டது. அங்கே ஒரு வகை நுண்ணுயிரிகள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்ற, மெத்தனாலை உணவாகக் கொண்டு வடிகட்டிப் படுகைகளில் வாழும் வேறு நுண்ணுயிரிகள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. கரிமக் கழிவை நுண்ணுயிரிகளைக் கொண்டு நீக்கும் வழக்கமான இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பில் லிட்டருக்குச் சுமார் 20 மில்லிகிராம் நைட்ரஜன் எஞ்சும். இங்கே அனுமதிக்கப்பட்ட அளவு 3 மில்லிகிராம். மின்சாரத்துக்கும் மெத்தனாலுக்கும் நாள்தோறும் செலவு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கோ விரிகுடாவில் நீரை விடுவதையே நிறுத்த முனைந்தது. சொந்தமாக நல்ல குடிநீர் ஆதாரம் இல்லாமல் தொலைவில் கிணறுகள் தொகுதியாகத் தோண்டப்பட்ட இடங்களிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த அந்நகரம், 1970-களின் பிற்பகுதியிலிருந்து தனிக் குழாய்களைப் பதித்து, சுத்திகரித்த நீரைப் புல்வெளிகளுக்கும் பூங்காக்களுக்கும் கோல்ஃப் மைதானங்களுக்கும் வழங்கியது. குடிநீர் மிச்சமானது, நைட்ரஜனும் உரமாகப் புல்லுக்குப் பயன்பட்டது. தேவைக்கு மிஞ்சியதை ஆழ்துளைக் கிணறுகள் வழியே பூமிக்கடியில் செலுத்தினார்கள். எண்ணத்தளவில் இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் அறியேன்.

ஆனால் தோட்டத்துக்குத் தண்ணீர் தேவைப்படாத மழைக்காலத்தில்தான் கழிவுநீர் நிலையத்துக்கு வரும் நீர் மிகுதியாகிறது, ஏனெனில் பழைய சாக்கடைக் குழாய்களின் விரிசல்கள் வழியாக மழைநீரும் நிலத்தடி நீரும் உள்ளே புகுந்துவிடுகின்றன. 2015-இல் நகரத்தின் நான்கு நிலையங்களில் ஒன்று மூடப்பட்ட பின், அவ்வாண்டிலும் ஹெர்மீன் புயல் தாக்கிய 2016-இலும் கொள்ளளவு போதாமல் கோடிக்கணக்கான லிட்டர் கழிவுநீர் வெளியேறியது. அதில் பெருமளவு விரிகுடாவுக்கும் சென்றது. மறுபயன்பாட்டுத் திட்டத்தின் மீது இதற்காகப் பழி போடுவது நியாயமாகாது. குறை குழாய்களிலும் கொள்ளளவிலும் இருந்தது. ஆயினும், நீரைச் செலவிடும் இடம் பருவத்தைச் சார்ந்திருக்கும்போது, மிச்சத்தைத் தாங்கும் ஏற்பாடு எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும் என்பதை அது காட்டியது.

இரண்டு வழிகளும், தொழிற்சாலைகளும் பிற நகரங்களும் எடுத்த நடவடிக்கைகளும் சேர்ந்து, 2016-இல் கடற்புல்லை 41,000 ஏக்கருக்கு மேல் மீட்டன. 2022-இல் அது மீண்டும் சுமார் 30,000 ஏக்கராகக் குறைந்தது. கழிவுநீர் நிலையங்களைவிட, தெருக்களிலிருந்து வழிந்தோடி வரும் மழைநீரே இன்று விரிகுடாவுக்குக் கூடுதலான நைட்ரஜனைச் சேர்க்கிறது.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஒரே வேலையைச் செய்யும் நைட்ரஜன் நீக்கத்தையே முதலில் கட்டச் சொல்வேன். அந்தத் தரத்துக்கு வந்த நீரை அதன் பிறகு எந்தத் தோட்டத்துக்கும் அனுப்பலாம். பயனின்றி நீர்நிலைகளில் சுத்திகரித்த நீரை விடுவதை 2032-க்குள் நிறுத்தும்படி 2021-இல் புளோரிடா இயற்றிய சட்டம், நைட்ரஜனை நீக்கிவந்த டாம்பாவையும் இப்போது மறுபயன்பாட்டின் பக்கம் தள்ளுகிறது.