ரெடாங்கா, பெர்ஹெந்தியானா? நீச்சல் தெரியாத தோழியைக் கேளுங்கள்

எங்கள் கூட்டத்தில் ஐந்து பேர். மூன்று பேர் கோலாலம்பூர், கிள்ளான் பக்கம்; இரண்டு பேர் பினாங்கில், பிரைக்காரர்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது எல்லோரும் சேர்ந்து கடலுக்குப் போக வேண்டும் என்று ஓர் ஒப்பந்தம். போன வருடம் பெர்ஹெந்தியான், இந்த வருடம் ரெடாங். இரண்டு தடவையும் கிளம்புவதற்கு முன்னால் வாட்சாப்பில் ஒரு மாதச் சண்டை. எந்தத் தீவில் பவளம் அழகு, எங்கே ஆமை நிச்சயம் என்றே பேசிக்கொண்டிருந்தோம். நம்மில் யாருக்கு நீச்சல் தெரியாது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கிள்ளான் தோழிக்குத் தெரியாது. அது தெரிய வந்தது நடுக்கடலில், படகு நின்ற பிறகு.

தேதிப் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். மலேசியாவின் கிழக்குக்கரைத் தீவுகள் ஏறக்குறைய மார்ச்சிலிருந்து அக்டோபர் வரைதான். நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று இறங்கிவிட்டால் படகு ஓடாது, பெரும்பாலான விடுதிகளும் பூட்டிவிடும். நமக்கு இதில் ஒரு தனிக் கொடுமை உண்டு. தீபாவளி லீவு வரும்போது கடல் மூடப் போகிறது. தைப்பூசத்துக்கு இன்னும் திறக்கவில்லை. இந்த இரண்டையும் விட்டால் ஐந்து பேருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகஸ்ட் கடைசியில் தேசிய தினத்தை ஒட்டிப் போகலாமே என்று யாராவது சொல்வார்கள். போகலாம், ஆமையைவிட மனிதர்களை அதிகம் பார்க்க ஆசை இருந்தால்.

அடுத்து வழி. ரெடாங், பெர்ஹெந்தியான் இரண்டுமே திரெங்கானு மாநிலம்தான், ஆனால் ஏறும் துறைமுகம் வேறு வேறு. பெர்ஹெந்தியானுக்குக் கோலா பெசுட். பினாங்கிலிருந்து வருகிறவர்களுக்கு இதுதான் வசதி: பாலிங், கிரிக் தாண்டி, கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் காட்டைக் குறுக்கே கடந்து, ஜெலியில் இறங்கினால் ஆறு, ஏழு மணி நேரத்தில் ஜெட்டி. வழியில் யானை கடக்கும் என்ற பலகைகள் வெறும் அலங்காரம் இல்லை. இருட்டிய பிறகு அந்தச் சாலையில் வண்டி ஓட்டாதீர்கள். கோலாலம்பூரிலிருந்து இரவு பஸ் ஏறினால் விடியும்போது கோலா பெசுட். ரெடாங்குக்குக் கோலாலம்பூர்க்காரர்கள் காராக், குவாந்தான் வழியாக நெடுஞ்சாலையிலேயே கோலா திரெங்கானு போய்விடலாம். நிற்காமல் ஓட்டினால் ஐந்து மணி நேரம். எங்கள் கூட்டம் நின்று நின்று சாப்பிடும், ஏழு.

கோலா பெசுட்டிலிருந்து விசைப்படகு அரை மணி, முக்கால் மணி நேரம். அலை இருக்கும் நாளில் அது படகுப் பயணம் மாதிரி இருக்காது, உரலில் போட்டு இடித்த மாதிரி இருக்கும். முன்பக்கம் உட்காராதீர்கள், முதுகு போய்விடும். ரெடாங்குக்குக் கோலா திரெங்கானுவின் ஷாபண்டார் ஜெட்டியிலிருந்து பெரிய பெர்ரி உண்டு, சுமார் ஒன்றரை மணி நேரம். நேரம் கூடுதல்தான், ஆனால் தலைசுற்றல்காரர்களுக்கு அது பரவாயில்லை.

சரி, தீவுக்கு வருவோம்.

பெர்ஹெந்தியான் என்றால் மலாயில் நிற்குமிடம். பஸ் நிலையத்துக்கும் அதே சொல்தான். பெசார் (பெரியது), கெச்சில் (சிறியது) என்று இரண்டு தீவுகள். கெச்சிலில் லாங் பீச், பேக்பேக்கர் கூட்டம், இரவில் சத்தம். பெசார் அமைதி. நாங்கள் கெச்சிலில் தங்கினோம். அங்கே எல்லாமே உதிரி வியாபாரம்: அறை தனி, சாப்பாடு தனி, மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி மீன் பார்க்கும் ஸ்நோர்க்கெலிங் படகு தனி. கடற்கரையில் ஒரு பலகை இருக்கும்: டர்டல் பாயிண்ட், ஷார்க் பாயிண்ட், கோரல் கார்டன், மத்தியானச் சாப்பாட்டுக்கு மீனவர் கிராமம். ஐந்து பேர் இருந்தால் படகையே தனியாகப் பேசிக்கொள்ளலாம். பிடித்த இடத்தில் கூட நேரம் நிற்கலாம், பிடிக்காவிட்டால் கிளம்பலாம். நீச்சல் தெரிந்தவனுக்கு இது சொர்க்கம்.

தெரியாதவருக்கு? படகு ஆழத்தில் நிற்கிறது. 'குதிங்க' என்கிறார் படகுக்காரர். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தும் தோழி ஏணியின் கடைசிப் படியைப் பிடித்துக்கொண்டு, விடமாட்டேன் என்று நின்றுவிட்டாள். பாவம், அந்தப் படகுக்கார அபாங் (அண்ணன்) நல்ல மனிதர். ஒரு மிதவை வளையத்தைக் கயிற்றில் கட்டி, அவளை அதில் பிடிக்கச் சொல்லி, தானே இழுத்துக்கொண்டு நீந்தினார். கோரல் கார்டனை அவள் இழுவை வண்டியில் போகிற மாதிரிதான் சுற்றிப் பார்த்தாள்.

ஆமை கிடைத்தது. பச்சை ஆமை, அடியில் கடற்புல் மேய்ந்துகொண்டிருந்தது. அழகுதான், ஆனால் மேலே முப்பது ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டுகள் வட்டம் கட்டி நின்றன. ஆமை மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். வருகிற வழியை அடைத்துக்கொண்டு செல்ஃபி எடுப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஷார்க் பாயிண்டில் கறுப்பு முனைத் துடுப்புச் சுறாக்கள் எங்களைக் கண்டதும் ஓடின. அங்கே உண்மையில் பயப்பட வேண்டியது டைட்டன் டிரிகர் மீனுக்கு. முட்டை காக்கும் நேரத்தில் துரத்திக் கடிக்கும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு மாதிரி, அதனால் மேலே ஏறித் தப்பிக்கப் பார்க்காமல் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும்.

இடையில் மாஸ்க் பற்றி. வாடகைக்கு எடுத்த மாஸ்க் ஒன்று ஒழுகிக்கொண்டே இருந்தது. கடைக்காரரைத் திட்டிக்கொண்டே இருந்த நண்பனுக்கு அப்புறம்தான் புரிந்தது, குற்றவாளி அவனுடைய மீசை. சிலிக்கோன் விளிம்பு தோலில் ஒட்ட வேண்டும். நம் ஊர் மீசை நடுவில் நின்றால் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். மூக்குக்குக் கீழே ஒரு கோடு மழித்தால் போதும். அவன் மழிக்கவில்லை, மூன்று நாளும் உப்புத் தண்ணீர் குடித்தான். கண்ணாடி போடுகிறவர்கள் பவர் வைத்த மாஸ்க் வாங்கிவிடுங்கள். நான் முதல் தடவை அது இல்லாமல் போய், மீன் என்று நினைத்து ஒரு நெகிழிப் பையைப் பின்தொடர்ந்தேன்.

ரெடாங்கில் கதை வேறு. அங்கே அநேகமாக எல்லாமே பேக்கேஜ்: மூன்று நாள் இரண்டு இரவு, படகு, அறை, மூன்று வேளைச் சாப்பாடு, ஸ்நோர்க்கெலிங் எல்லாம் ஒரே விலைக்குள். காலை இத்தனை மணிக்கு வரிசையில் நில், லைஃப் ஜாக்கெட் போடு, படகில் ஏறு. பள்ளிக்கூடச் சுற்றுலா மாதிரி. ராத்திரி கரோக்கே. எனக்கு எரிச்சல். ஆனால் தோழிக்கு இந்த ஒழுங்குதான் தைரியம் கொடுத்தது.

கடல் பூங்கா மையம் இருக்கும் குட்டித் தீவுக்கு முதல் நாள் மத்தியானம் கூட்டிப்போனார்கள். அந்தத் தீவின் பெயர் பூலாவ் பினாங், மலாயில் பினாங்குக்கும் அதே பெயர்தான்! பிரையிலிருந்து எட்டு மணி நேரம் கார் ஓட்டி வந்தவனிடம் வழிகாட்டி, 'இன்றைக்கு நாம் பூலாவ் பினாங் போகிறோம்' என்றார். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அங்கே ஜெட்டியை ஒட்டியே மீன் கூட்டம், கால் எட்டும் ஆழத்திலிருந்து தொடங்கலாம். தோழி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று முகத்தை மட்டும் உள்ளே வைத்தாள். பத்து நிமிடத்தில் கால் தானாகவே தரையை விட்டது. மறுநாள் காலை பாசிர் பாஞ்சாங் கடற்கரையில், முழங்கால் தண்ணீரில், குட்டிச் சுறாக்களை அவளே எண்ணிக்கொண்டிருந்தாள். கரையிலிருந்தே இவ்வளவு கிடைப்பதுதான் எனக்கு ரெடாங்கின் பெரிய பலம். கரையிலிருந்து இன்னும் தள்ளி இருக்கிற தீவு. நாங்கள் போன நாட்களில் தண்ணீரும் பெர்ஹெந்தியானைவிடத் தெளிவு. மீனுக்கு ரொட்டி போடாதீர்கள், எந்தத் தீவிலும். பவளத்தின் மேல் வளரும் பாசியைக் கொறிக்க வேண்டிய மீன் ரொட்டிக்குக் காத்து நின்றால், பாசி பவளத்தை மூடிவிடும்.

சாப்பாட்டில் பெர்ஹெந்தியானுக்கு என் ஓட்டு. எங்களில் ஒருத்தி சைவம். கெச்சில் கடைகளில் கேட்டால் முட்டையில்லாமல் நாசி கோரேங் போட்டுத் தருகிறார்கள். ரெடாங் பஃபேயில் கங்கோங் கீரையைச் சைவம் என்று எடுத்து வந்தால், உள்ளே பெலாச்சான், அதாவது இறால் விழுது, மணக்கும். மூன்று நாளும் அவள் வெறும் சோறு, வீட்டிலிருந்து கொண்டுவந்த மாங்காய் ஊறுகாய், முறுக்கு. நாங்களும் அதில் கைவைத்தோம் என்பது வேறு விஷயம்.

பணத்தைப் பொறுத்தவரை பெர்ஹெந்தியான் மலிவு என்று தோன்றும். படகு, மாஸ்க், ஃபின், சாப்பாடு என்று கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் கொஞ்சம்தான். ரொக்கம் எடுத்துப் போங்கள். கடல் பூங்காக் கட்டணம் இரண்டிலும் உண்டு.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 2025 ஜூனில் பெர்ஹெந்தியான் கடலில் படகு கவிழ்ந்து மூன்று பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். ஸ்நோர்க்கெலிங்குக்கு மட்டும் லைஃப் ஜாக்கெட் என்று நினைக்காதீர்கள். பக்கத்துக் கடற்கரைக்கு ஐந்து நிமிடம் படகில் போனாலும், இரவில் சாப்பிட்டுத் திரும்பினாலும், போட்டுக்கொள்ளுங்கள். படகில் இல்லையென்றால் ஏறாதீர்கள்.

மற்றவை சுருக்கமாக. தியோமான் பெரிய தீவு, பஹாங்கைச் சேர்ந்தது. ஏறுவது ஜொகூரின் மெர்சிங்கில். பெர்ரி நேரம் கடல் ஏற்றவற்றத்தைப் பார்த்து மாறும். தெக்கெக்கிலிருந்து ஜுவாரா வரை காட்டு வழியே நடக்கலாம். வரியில்லாத் தீவு என்பதால் அங்கே போக வேண்டும் என்று அடம் பிடித்தவர்களின் நோக்கம் பவளம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். பாயார் தீவு பிரைக்காரர்களின் வாதம்: லங்காவியிலிருந்து காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பலாம், கிழக்குக்கரை மூடியிருக்கும் மாதங்களில் கைகொடுக்கும். ஆனால் மலாக்கா நீரிணைத் தண்ணீர் கலங்கல், இரவு தங்கவும் வழியில்லை. ரெடாங்கைப் பார்த்த கண்ணுக்குச் சப்பென்று இருக்கும். பங்கோருக்கு மாசி மகத்துக்குப் போங்கள், பத்ரகாளியம்மன் கோவிலுக்கு; மாஸ்க் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஐந்து பேருக்கும் நீச்சல் தெரியும் என்றால் நான் யோசிக்காமல் பெர்ஹெந்தியானுக்கே போவேன். ஒருவருக்குத் தெரியாவிட்டாலும் ரெடாங், கரோக்கேயைப் பொறுத்துக்கொண்டு.

ரெடாங் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஷாபண்டார் இல்லாமல் மெராங் ஜெட்டியிலிருந்தும் விசைப்படகு உண்டு, நாங்கள் அதில்தான் போனோம். மெராங் கோலா திரெங்கானுவுக்கு வடக்கே. தெற்கே மாராங் என்று இன்னோர் ஊர் இருக்கிறது. ஒரு எழுத்து மாறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம் வீண். நாங்கள் மெராங்கில் காத்திருக்க, பிரை நண்பன் போன் செய்தான்: 'மச்சான், ஜெட்டிக்கு வந்துட்டேன், ஒருத்தரையும் காணோம்லா.' அங்கே நின்ற படகுக்காரர், ரெடாங் இங்கே இல்லை, காப்பாஸ் தீவு வேண்டுமானால் கால் மணி நேரத்தில் விடுகிறேன் என்றாராம். அவன் காரைத் திருப்பி வந்து சேர்ந்தபோது எங்கள் படகு போய்விட்டது, அடுத்ததில்தான் ஏறினோம். கால் மணி நேரப் படகு என்ற வார்த்தை மட்டும் தோழியின் காதில் நன்றாக விழுந்துவிட்டது. அடுத்த வருடத்துக்கு வாட்சாப்பில் காப்பாஸ் என்று அவள் இப்போதே எழுதிப் போட்டிருக்கிறாள்.