வாசிகசாலை வரை வந்த ஒளியிழை

பண்டாரவளைக்கும் ஹப்புத்தளைக்கும் இடையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், குடியிருப்பாளர்களே பணம் சேர்த்துக் கம்பம் நட்டு, மரண உதவிச் சங்கத்தின் பொறுப்பில் நடத்திவரும் ஒளியிழை இணைய இணைப்பைப் பற்றியது இந்த மதிப்பீடு. பிரதான வீதியோரமாகத் தொலைத்தொடர்பு நிறுவனமொன்றின் ஃபைபர் கேபிள் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. கடைத்தெருவிலுள்ள மருந்துக்கடைக்கும் நகை அடகுக்கடைக்கும் இணைப்பு உண்டு. அங்கிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் இருக்கும் லயங்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, அது ஏறவில்லை. நிறுவனம் தன் செலவில் தரும் கேபிள் வீதியை ஒட்டிய வீடுகளுக்குத்தான் போதுமானது. அதற்கு மேல் தேவைப்படும் கம்பங்களுக்கும் கேபிளுக்கும் விண்ணப்பிப்பவரே பணம் கட்ட வேண்டும். தனியொரு குடும்பத்தால் தாங்க முடியாத அந்தச் செலவைத் தோட்டத்தார் எல்லோரும் பங்கிட்டுக்கொண்டதால், இன்று வாசிகசாலையிலும் அதன் முன்னாலுள்ள மைதானத்திலும் பக்கத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவிலும் வைஃபை கிடைக்கிறது.

முதலில் தரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் குறை சொல்ல மிகக் குறைவாகவே இருக்கிறது. மலைநாட்டில் கைத்தொலைபேசிச் சிக்னல் என்பது எந்தச் சரிவில் வீடு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கோபுரம் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் இருப்பவருக்கு எல்லாம் கிடைக்க, மலையின் மறுபக்கத்தில் இருப்பவருக்கு ஒரு குறுஞ்செய்தி போவதற்கே முற்றத்தில் நடக்க வேண்டியிருக்கும். கொரோனாக் காலத்தில், 2020இலும் 2021இலும், பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் வட்ஸ்அப்புக்கும் ஸூமுக்கும் மாறியபோது, பாறை மேலும் தேயிலை மலையின் உச்சியிலும் அமர்ந்து படித்த பிள்ளைகளை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒளியிழைக்கு மலையின் மறைப்பும் கிடையாது, மூடுபனியும் கிடையாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடியுடன் மழை பெய்யும் மாலைகளில், பழைய செப்புக் கம்பி இணைப்பு வைத்திருந்தவர்கள் ரவுட்டரைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் கம்பி வழியாக மின்னல் உள்ளே வரும் அச்சம் இப்போது இல்லை. மின்னல் இன்னும் மின்சார இணைப்பு வழியாக வரக்கூடும், எனவே பிளக்கைக் கழற்றும் வழக்கத்தை விட்டுவிடக் கூடாது.

மாலையில் வாசிகசாலை நிறைந்திருக்கும்போதும், ஒரு மூலையில் பிள்ளைகள் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் கடந்தகால வினாத்தாள்களை இறக்கிக்கொண்டிருக்க, வெளியே ஒரு தாய் மத்திய கிழக்கில் வேலை செய்யும் மகளுடன் வீடியோவில் பேசிக்கொண்டிருக்க, இரண்டும் தடையின்றி நடக்கின்றன. பகிர்ந்துகொண்டால் வேகம் செத்துவிடும் என்று தொடக்கத்தில் பலர் அஞ்சினார்கள். உண்மையில் நிறுவனங்கள் வீடுகளுக்குக் கொடுக்கும் ஜிபொன் (GPON) என்ற ஒளியிழை முறையே பகிர்வில் நிற்பதுதான். பரிவர்த்தனை நிலையத்திலிருந்து வரும் ஒரே இழையை, மின்சாரமே தேவைப்படாத ஒரு சிறு பிரிப்பான் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. கீழ்நோக்கிச் சுமார் 2.5 ஜிகாபிட்டும் மேல்நோக்கிச் சுமார் 1.25 ஜிகாபிட்டும் அந்த வீடுகளுக்குப் பொதுவானவை. தூரமும் இங்கே ஒரு காரணமே அல்ல. ஒரு கிலோமீற்றர் இழையில் ஒளி இழப்பது அரை டெசிபெலுக்கும் குறைவு, நிலையத்திலிருந்து 20 கிலோமீற்றர் வரை அது வேலை செய்யும். கடைத்தெருவோடு கேபிள் நின்றதற்கு மலையைக் காரணம் காட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும்.

இந்தச் சேவையில் நான் மிக உயர்வாக மதிப்பது பழுது பார்க்கும் விதத்தை. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் கிரவில்லியா மரக் கிளைகள் முறிந்து கேபிளின் மேல் விழுவது வழக்கம். நிறுவனப் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அதைக் கண்டதும் சங்கத்தின் இளைஞர்கள் இருவர் கம்பம் கம்பமாக நடந்து போய்ப் பார்க்கிறார்கள். தொலைத்தொடர்புத் தொழிநுட்பத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் அவர்களில் உண்டு. ஒருமுறை அவர் வேலை செய்வதை அருகில் நின்று பார்த்தேன். கறுப்பு உறையை நீளவாக்கில் கிழித்து, உள்ளேயிருந்த தலைமயிர் அளவு இழையின் மேற்பூச்சைச் சிறு இடுக்கியால் உருவி, மதுசாரம் தொட்ட துணியால் இரண்டு முறை துடைத்தார். பிறகு வெட்டும் கருவியில் வைத்து ஒரே அழுத்தில் நுனியை நறுக்கி, விழுந்த கண்ணாடித் துணுக்கை ஒட்டுநாடாவில் ஒற்றியெடுத்து ஒரு போத்தலுக்குள் போட்டார். அந்தத் துணுக்கு தோலுக்குள் ஏறினால் கண்ணுக்கும் தெரியாது, எடுக்கவும் முடியாது. தேயிலைக்குள் வெறுங்காலோடு நடப்பவர்கள் இருக்கும் இடத்தில் அந்தக் கவனம் எனக்குப் பெரிதாகப் பட்டது. உருக்கி ஒட்டும் இயந்திரம் விலை உயர்ந்தது என்பதால் நுனியில் ஒரு கனெக்டரை மாட்டி இணைத்தார். சிவப்பு விளக்கு அணைந்தது. அதே வேலைக்கு நிறுவனத்திடம் முறையிட்டால், முறைப்பாட்டு இலக்கம் உடனே வரும், ஆள் வருவதற்கு நாட்கள் ஆகும். தோட்டத்துப் பாதையில் ஏற வண்டி கிடைக்கவில்லை என்ற பதில் எங்களுக்குப் புதிதல்ல.

ஆயினும் ஊரார் கையில் இருப்பது கடைசித் துண்டு மட்டுமே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைத் தாக்கி, பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மண் சரிந்து வீதிகளும் மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்ட நாட்களில், எங்கள் கம்பங்களில் விழாதவையும் இருந்தன, விழுந்தவற்றை நிமிர்த்தவும் ஆள் இருந்தது. ஆனால் மேலிருந்து வரும் வழி அறுந்துவிட்ட பிறகு அந்தக் கேபிளில் ஒளி இல்லை. உறவுகள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கத் தவித்த நேரத்தில்தான் அது செத்துக் கிடந்தது. ஒரு நகரத்துக்கு இரண்டு திசைகளிலிருந்து கேபிள் வந்து வளையமாக இணைந்திருந்தால் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பேசும். மண்சரிவு அபாயமுள்ள நாட்டில் அதை நிறுவனங்களிடமும் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும் கேட்டுப் பெறுவது ஒரு சங்கத்தால் மட்டும் முடிகிற காரியமல்ல. சங்கம் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்று உண்டு, அதைச் செய்திருக்கிறார்கள்: ரவுட்டருக்கும் ஒளியிழைப் பெட்டிக்கும் 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். ஒன்று வாங்கி வைத்ததால், சாதாரண மின்வெட்டுகளில் இணைப்பு சில மணி நேரம் தாங்குகிறது.

இனி, எனக்கு மனம் ஒப்பாத பகுதி. இணையம் வாசிகசாலையில் இருக்கிறது, வீட்டில் இல்லை. கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண் வீடு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிடும். தண்ணீர், அடுப்பு, பிள்ளைகள் என்று அவளுக்கு அடுத்த வேலை தொடங்கும் நேரத்தில்தான் வாசிகசாலை திறந்திருக்கிறது. இருட்டிய பின் வளர்ந்த பெண்பிள்ளைகளை அங்கே அனுப்ப வீட்டார் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். விளைவாக, எல்லாக் குடும்பங்களும் காசு கொடுக்கும் ஒரு சேவையை மாலை வேளைகளில் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளே பயன்படுத்துகிறார்கள். க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிக்கும் மாணவிகளுக்கென்று சனி, ஞாயிறு காலைகளை ஒதுக்கியது நல்ல ஏற்பாடு, ஆனாலும் அது போதாது. பொதுக் கூடத்து இணையம் மலையகத்துக்குப் புதிதும் அல்ல. 1990களின் இறுதியிலேயே கொத்மலை சமூக வானொலி யுனெஸ்கோவின் உதவியுடன் இணையத்தை ஊருக்குள் கொண்டுவந்தது. நேயர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, கண்டதை வானலையில் விளக்கிச் சொன்னார்கள், கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் மக்களுக்கு இணைப்பு கிடைத்தது. அன்றைய நிலையில் அது பெரிய முன்னேற்றம். அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகள் கடந்தும், தோட்டத்துப் பெண் ஒருத்தி இணையத்தைத் தேடிக் கூடத்துக்குத்தான் போக வேண்டும் என்றால் அது நியாயமாகாது.

வீடு வரை கொண்டுபோக முடியாதா என்றால், லயத்தைப் போல ஒளியிழைக்கு வசதியான குடியிருப்பு வேறு இல்லை என்பதே என் எண்ணம். இங்கிலாந்தின் வடக்கில், லங்காஷயர் கிராமங்களில் 2011இல் தொடங்கிய பி4ஆர்என் என்ற சமூக நிறுவனத்தைப் பாருங்கள். பெரிய நிறுவனங்கள் இலாபமில்லை என்று விட்டுப்போன பண்ணை வீடுகளுக்கு, ஊரவர்கள் பங்கு வாங்கி முதல் திரட்டி, தாங்களே வயல்களில் கால்வாய் வெட்டிக் குழாய் பதித்து, இரு திசையிலும் ஒரு ஜிகாபிட் வேகம் தரும் இணைப்பைக் கொடுத்தார்கள். உபரி வந்தால் அது ஊருக்கே திரும்ப வேண்டும் என்ற சட்ட அமைப்பில் அது பதிவாகியிருக்கிறது. அங்கே ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே வயல்கள் கிடக்கின்றன. இங்கே சுவரோடு சுவராக இருபது காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இறவாணத்தை ஒட்டி ஒரு கேபிள் இழுத்தால் எல்லா வாசலையும் அது தொட்டுவிடும். 32 பிரிவுள்ள ஒரே பிரிப்பான் ஒரு லயத்துக்குப் போதும், மிச்சமும் இருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் தொழிலாளரைக் குறைந்த செலவில் அடைத்து வைக்கக் கட்டிய அந்த நெருக்கம், வீட்டுக்கு வீடு கணக்குப் பார்த்தால், கேபிள் செலவை நகரத்துத் தனி வீடுகளைவிடக் குறைத்துவிடுகிறது.

தடையாக இருப்பது நிலம். லங்காஷயரில் விவசாயிகள் தங்கள் நிலத்தைத் தாங்களே இலவசமாகத் திறந்துவிட்டார்கள். தோட்டத்தில் தலைமுறைகளாக வாழ்பவருக்கு லயத்தின் சுவரில் ஆணி அடிப்பதற்கே உரிமை இல்லை. நிலம் அரசினுடையது, குத்தகை பெருந்தோட்டக் கம்பனியினுடையது. எங்கள் கம்பங்கள் நிற்பது தோட்ட நிர்வாகம் கொடுத்த ஓர் அனுமதிக் கடிதத்தின் பலத்தில்தான். இப்போதைய முகாமையாளர் மனமுவந்து கொடுத்தார், அதற்கு நன்றி. ஆனால் அடுத்து வருபவர் கம்பத்தைப் பிடுங்கச் சொன்னால் மறுத்துப் பேச எங்களிடம் ஆவணம் எதுவும் இல்லை. இரண்டாவது தடை சட்டம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, தொலைத்தொடர்பு முறைமை ஒன்றை நடத்த அனுமதிப்பத்திரம் வேண்டும். வாசிகசாலைக்குள் வைஃபை கொடுப்பது வேறு, காம்பராவுக்குக் காம்பரா இணைப்புக் கொடுத்துக் கட்டணம் வாங்குவது வேறு. பெரிய நிறுவனங்களை மனதில் வைத்து எழுதிய சட்டத்தில் ஒரு லயத்துச் சங்கத்துக்கு ஏற்ற சிறு அனுமதி இருக்க வேண்டும். கட்டலோனியாவில் 2004இல் கம்பியில்லா இணைப்பாகத் தொடங்கிப் பின்னர் ஒளியிழைக்கும் விரிந்த குய்ஃபி வலையமைப்பு, பணம் போட்டவர் யாராயினும் வழி எல்லோருக்கும் பொது என்ற ஒப்பந்தத்தில் இயங்குகிறது. அத்தகைய ஏற்பாட்டை இங்கும் வகுக்கலாம். மூன்றாவது குறை எங்கள் சங்கமே உடனே தீர்க்கக்கூடியது. இணைப்பு இன்றும் ஒரு தனிநபரின் பெயரில் இருக்கிறது. நல்ல மனிதர்தான், ஆனால் ஊர்ப் பணத்தில் வாங்கிய கேபிளும் கம்பமும் ஊரின் பெயரில் பதிவாக வேண்டும். சிக்கன கடனுதவிச் சங்கங்களைத் தலைமுறைகளாக நடத்திய பழக்கம் இந்த நாட்டில் உண்டு. அதே முறையில் கூட்டுறவாகப் பதிவு செய்யலாம்.

செலவைப் பற்றிச் சுருக்கமாக. குடும்பத்துக்கு மாதம் 200 ரூபா, மரணச் சந்தாவோடு சேர்த்து வாங்கப்படுகிறது. 2024 செப்டெம்பரில் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக அறிவிக்கப்பட்டதை நினைத்தால், இது தாங்கக்கூடிய தொகை. முன்பு டேட்டா ரீலோடுக்குப் போன பணத்தைவிடக் குறைவு. 2025 ஜூலையில் இலங்கையில் சேவை தொடங்கிய ஸ்டார்லிங்க் பற்றிப் பலர் கேட்கிறார்கள். புயல் போன்ற வேளைகளில் செய்மதி இணைப்பு உயிர் காக்கும், அந்த ஒரு தேவைக்காகப் பல தோட்டங்கள் சேர்ந்து ஒன்றை வைத்திருப்பதை நான் வரவேற்பேன். அன்றாடப் பாவனைக்கு அதன் கருவியின் விலையும் மாதக் கட்டணமும் ஒரு லயத்துக் குடும்பத்துக்கு எட்டாதவை.

வேறு தோட்டங்களில் இதைத் தொடங்க விரும்புகிறவர்கள் கேபிள் வாங்குவதற்கு முன்பே அனுமதிக் கடிதத்தையும் சங்கத்தின் பெயரிலான பதிவையும் முடித்துக்கொள்ள வேண்டும். பழுது பார்க்க உள்ளூரில் இருவரையாவது பயிற்றுவிக்க வேண்டும். இந்திய உதவியில் தனி வீடுகள் கட்டப்படும் இடங்களில், காணிகளுக்குப் பாதை வெட்டும்போதே வெறுங்குழாய் ஒன்றைப் புதைத்து வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், பிறகு தோண்டுவது பல மடங்கு செலவு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபைகள் செலவு செய்வதைத் தடுத்து வந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அந்தத் தடை நீங்கிவிட்டது. வாசிகசாலையிலிருந்து மேல் லயத்துக்கும் பணிய லயத்துக்கும் கம்பங்கள் கேட்டு எங்கள் சங்கம் எழுதிய மனு இப்போது பிரதேச சபையில் இருக்கிறது, நிர்வாகத்தின் கடிதமும் அதனுடன் இணைக்கப்பட்டிருக்கிறது.