டெஸ், கையா, வெப்: உயர்தரப் பிள்ளைகளின் ஆய்வுக்கு எந்தத் தரவு?

உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை பிள்ளைகளுக்குச் சில மாதங்கள் கிடைக்கும். அந்த இடைவெளியில் உண்மையான விண்வெளித் தொலைநோக்கித் தரவை வைத்து ஓர் ஆய்வு செய்யலாம் என்று கிளிநொச்சியில் எங்கள் சிறு குழு முடிவெடுத்தபோது, எதை எடுப்பது என்ற கேள்வி வந்தது. கடைசியில் மூன்று மிஞ்சின: பிற நட்சத்திரங்களின் கிரகங்களைத் தேடும் நாசாவின் டெஸ், நட்சத்திரங்களின் இடத்தையும் தூரத்தையும் அளந்த ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா, எல்லோரும் பெயர் கேள்விப்பட்ட ஜேம்ஸ் வெப். நாங்கள் டெஸ்ஸை எடுத்தோம். இன்னொரு முறை தெரிவு செய்யச் சொன்னாலும் அதைத்தான் எடுப்பேன். முல்லைத்தீவிலோ மன்னாரிலோ இதே யோசனையோடு ஓர் ஆசிரியர் இருந்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது செலவு. மூன்றும் இலவசம். காப்பகத்துக்குள் போக எந்தப் பல்கலைக்கழக அடையாள அட்டையும் வேண்டாம், வீட்டுக் கணினி போதும். போன் டேட்டாவில் இறக்குவோருக்குக் கோப்பின் அளவு முக்கியம்தான். டெஸ்ஸின் ஓர் ஒளிவளைகோட்டுக் கோப்பு (ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சம் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்ற பதிவு) ஏறக்குறைய 2 எம்பி. கையாவில் கேள்விக்கு ஏற்ற அட்டவணை மட்டும் வரும், அதுவும் சிறியது. வெப்பின் மூலத் தரவு ஜிபி கணக்கில் போகும். இதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், நல்ல இணைப்புள்ள இடத்தில் ஒரு நாள் உட்கார்ந்தால் அதைச் சமாளிக்கலாம்.

வெப்பை முதலில் பார்த்துவிடலாம். 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்டது, 6.5 மீற்றர் ஆடி, பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் நிற்கிறது. வாஸ்ப்-39பி என்ற கிரகத்தின் வளிமண்டலத்தில் காபனீரொட்சைட்டை 2022இல் அது தெளிவாகக் காட்டியதைச் சொன்னால் எந்தப் பிள்ளையின் கண்ணும் விரியும். ஆனால் மூலத் தரவிலிருந்து அந்த நிறமாலைக்கு வர மூன்று கட்டச் சீராக்கல் உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் கருவியின் இரைச்சலை எப்படி நீக்குவது என்று நிபுணர்களே விவாதிக்கிறார்கள். சீராக்கலுக்கான அடிப்படைக் கோப்புகளும் அடிக்கடி புதுப்பிக்கப்படுவதால், போன வருடம் எடுத்த விடையும் இந்த வருடம் எடுக்கும் விடையும் சற்று வேறுபடலாம். என் அனுபவம் வெப்பின் இறுதிநிலைக் கோப்புகளைத் திறந்து பார்த்ததோடு நிற்கிறது, ஆகவே இதில் என் தீர்ப்பை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். முதுகலை மாணவருக்கு நல்ல வழிகாட்டி இருந்தால் கதை வேறாக இருக்கும்.

உண்மையான போட்டி கையாவுக்கும் டெஸ்ஸுக்கும்தான். என் கண்ணில் அதைத் தீர்ப்பது ஒரே கேள்வி: அளவீட்டை யார் செய்கிறார்?

கையா 2013 டிசம்பரில் ஏவப்பட்டு 2025 ஜனவரி வரை வானத்தை அளந்தது. 2022 ஜூனில் வந்த மூன்றாம் வெளியீட்டில் ஏறக்குறைய 180 கோடி வான்பொருள்கள் இருக்கின்றன. கார்த்திகைக் கூட்டம் எவ்வளவு தூரம் என்று கேட்டால், அந்தப் பகுதியின் நட்சத்திரங்களை ஒரு வினவலில் எடுத்து, ஒன்றாக நகர்பவற்றைப் பிரித்து, இடமாறு தோற்றக் கோணத்தை, அதாவது பூமி சூரியனைச் சுற்றும்போது நட்சத்திரம் இடம் மாறுவதுபோல் தோன்றும் சிறு கோணத்தை, பார்க்கிறோம். சராசரி 7.4 மில்லி ஆர்க்செக்கனை ஒட்டி வரும் (ஆர்க்செக்கன் என்பது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு). 1000ஐ அதனால் வகுத்தால் சுமார் 135 பார்செக், அதாவது 440 ஒளியாண்டுகளுக்குச் சற்று மேல். ஒரு பின்னேரத்தில் முடிகிற வேலை. நிறத்தையும் பிரகாசத்தையும் வரைபடத்தில் போட்டால் பெரும்பாலான நட்சத்திரங்கள் அமையும் முதன்மைத் தொடர் கோடாக எழுந்து நிற்கும். அழகான பயிற்சி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோணத்தை அளந்து, வழுவைக் கணக்கிட்டு, அட்டவணையில் எழுதி வைத்தவர்கள் வேறு ஆட்கள். பிள்ளைக்கு மிஞ்சுவது வடிகட்டலும் வகுத்தலும்தான். “இந்த 7.4 எப்படி வந்தது?” என்று ஒருவர் கேட்டால், “கையா சொன்னது” என்பதற்கு மேல் பிள்ளையால் போக முடியாது.

டெஸ்ஸில் அப்படியில்லை. 2018 ஏப்ரலில் ஏவப்பட்ட இந்தத் தொலைநோக்கி, நான்கு கமராக்களால் வானத்தின் ஒரு பட்டையை ஏறக்குறைய 27 நாள் வைத்த கண் வாங்காமல் பார்த்து, பிறகு அடுத்த பட்டைக்குப் போகிறது. தெரிவு செய்த நட்சத்திரங்களின் வெளிச்சத்தை 2 நிமிடத்துக்கு ஒருமுறை பதிகிறது. எங்கள் பிள்ளைகள் எடுத்தது கிரகம் ஒன்று இருப்பது உறுதியான வாஸ்ப்-18 என்ற நட்சத்திரம், இரண்டாம் பட்டைத் தரவு. பைதன் நிரல்மொழியில் இத்தகைய தரவைக் கையாளும் லைட்கர்வ் பொதியை ஒருமுறை நிறுவி, கோப்பையும் இறக்கிக்கொண்டால் பிறகு இணையமே வேண்டாம். கோப்பைத் திறந்ததும் நேரத்தோடு இரண்டு வெளிச்ச நிரல்கள் தெரியும்: ஒன்று திருத்தாதது, மற்றது கருவியின் ஆட்டங்களை நீக்கித் திருத்தியது. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வரையச் சொல்லுங்கள். எது நட்சத்திரத்தின் மாற்றம், எது கருவியின் மாற்றம் என்ற வாக்குவாதம் தானாகத் தொடங்கும். நடுவில் ஓர் இடைவெளியும் தெரியும். 13.7 நாள் சுற்றுப்பாதையில் பூமிக்கு அருகே வரும்போது தொலைநோக்கி தரவை அனுப்பத் திரும்புவதால் வருவது அது.

அப்புறம், கிரகம் நட்சத்திரத்துக்கு முன்னால் குறுக்கே போகும்போது வெளிச்சத்தில் விழும் பள்ளங்கள். ஏறக்குறைய 22 மணி 36 நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச்சம் 1 வீதத்துக்குச் சற்றுக் குறைவாக இறங்கி ஏறுகிறது. அந்த இறக்கத்தைப் பிள்ளையே அளக்க வேண்டும். பள்ளத்துக்கு வெளியே எந்தப் புள்ளிகளைச் சராசரி எடுப்பது, அடி தட்டையாக இல்லாமல் கிண்ணம் போல வளைந்திருக்கிறதே, எந்த இடத்தை ஆழமாகக் கொள்வது என்பதெல்லாம் அவர்கள் எடுக்க வேண்டிய முடிவுகள். ஆழத்தின் வர்க்கமூலம் கிரகத்தின் ஆரைக்கும் நட்சத்திரத்தின் ஆரைக்கும் உள்ள விகிதம். 0.0095 என்று எடுத்தால் 0.097 வரும். நட்சத்திரம் சூரியனைப் போல 1.25 மடங்கு ஆரை கொண்டது என்று வைத்தால், கிரகம் வியாழனை விட ஐந்தில் ஒரு பங்களவு பெரிது. இதற்குத் தேவையான கணிதம் சாதாரண தரத்திலேயே இருக்கிறது. இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு விடை வந்தால், காரணத்தை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டலாம். ஆய்வு என்று நான் சொல்வது இதைத்தான். இந்த ஒன்றுக்காகவே மற்ற எல்லாக் குறைகளையும் பொறுத்துக்கொள்வேன்.

குறைகள் இருக்கின்றன. பெரியது பிக்சல். டெஸ்ஸின் ஒரு பிக்சல் வானத்தில் 21 ஆர்க்செக்கன் அகலம், அதற்குள் பல நட்சத்திரங்கள் அடங்கிவிடும். பக்கத்தில் மங்கலாக இருக்கும் இரட்டை நட்சத்திரம் ஒன்று மற்றதை மறைத்தாலும், நமது நட்சத்திரத்தில் கிரகம் குறுக்கிட்ட மாதிரியே பள்ளம் விழும். “சேர், இது கிரகம்தான் என்று எப்படி நம்புறது?” என்று குழுவில் ஒரு பிள்ளை கேட்டாள். அதற்கு டெஸ்ஸிடம் மட்டும் பதில் இல்லை. கையாவின் அட்டவணையைத் திறந்து அயலில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நட்சத்திரத்தின் ஆரைக்கும் கடைசியில் கையாவிடம்தான் போகிறோம், டெஸ்ஸின் இலக்குப் பட்டியலே கையாவின் இரண்டாம் வெளியீட்டின்மேல் கட்டப்பட்டது. ஆகவே கையாவைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதிய கிரகம் தேடும் ஆசை இருந்தால், ஏற்கெனவே உறுதியான ஒன்றில் கை பழகிய பிறகு போவது நல்லது.

டெஸ்ஸுக்கு இன்னொரு பக்கபலம் எங்கள் வானம். மாரி விட்டபின் தை மாத முன்னிரவில் இரணைமடுக் குளக்கட்டில் தெற்கே, சற்று மேற்காகப் பார்த்தால் ஆக்கர்னார் என்ற பிரகாசமான நட்சத்திரம் தெரியும். அதற்கு மேலே, நீட்டிய கையின் முட்டியளவு தூரத்தில் வாஸ்ப்-18 இருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது, நல்ல இருகண் நோக்கி வேண்டும். கணினியில் அளந்ததை வானத்திலும் தேடிப் பிடிக்க ஒரு மாலை ஒதுக்குங்கள்.

எட்டாம், ஒன்பதாம் தரப் பிள்ளைகள் என்றால் நான் கையாவையே எடுப்பேன், ஒரு பின்னேரத்தில் ஒரு படம் கையில் கிடைக்கும். கையாவின் நான்காம் வெளியீடு 2026 டிசம்பரில் என்று ஐரோப்பிய முகமை அறிவித்திருக்கிறது. ஒவ்வொரு நட்சத்திரத்தையும் வெவ்வேறு நேரங்களில் அளந்த தனித்தனி அளவீடுகளும் அதில் வரவிருக்கின்றன. அவற்றைப் பிள்ளைகளால் கையாள முடிந்தால், மேலே கையாவுக்கு எதிராக வைத்த முறைப்பாட்டைத் திரும்பப் பெற்று இந்த ஒப்பீட்டைப் புதிதாகச் செய்ய வேண்டும்.