திருகோணமலை மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகம்: பொலிஸில் இருப்பவர் முறையிட்டால் என்ன கிடைக்கும்?

பொலிஸ் சேவையில் இனப் பாகுபாட்டுக்கு ஆளான ஒருவர் கட்டணமில்லாமல், சட்டத்தரணி இல்லாமல், தமிழிலேயே எழுதிக் கொடுக்கக்கூடிய இடம் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம். முதலில் போகவேண்டியது இங்கேதான். ஆனால் 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி ஆணைக்குழு விசாரிக்கலாம், இணக்கப்படுத்தலாம், பரிந்துரைக்கலாம். தண்டிக்க முடியாது. பரிந்துரையைப் பொலிஸ் திணைக்களம் கிடப்பில் போட்டால் ஜனாதிபதிக்கும் அவர் மூலம் பாராளுமன்றத்துக்கும் அறிக்கை போகும், அவ்வளவுதான்.

இந்தச் சேவையின் உண்மையான பெறுமதி அதே சட்டத்தின் 13ஆம் பிரிவில் இருக்கிறது. அடிப்படை உரிமை மீறல் மனுவை, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவேண்டும். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. பலர் சறுக்குவதும் இதில்தான்: முறைப்பாட்டுப் பிரதி மட்டும் போதாது, விசாரணை நடக்கிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும். முறைப்பாட்டு இலக்கத்தையும் ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள்.

அடுத்தது நிரூபணம். பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில், பாகுபாட்டை ஊகிக்கப் போதிய விடயங்களைக் காட்டினால் விளக்கம் சொல்லும் பொறுப்பு எதிர்த்தரப்புக்கு மாறும் (136ஆம் பிரிவு). எங்களுக்கு அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையை வைத்துத்தான் வாதாடவேண்டும். இனம் போன்ற காரணங்களால் பாகுபாடு காட்டக்கூடாது என்னும் 12(2)ஐ மட்டும் நம்பாமல், சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்னும் 12(1)ஐயும் சேர்த்து எழுதுங்கள். இனம்தான் காரணம் என்பது முழுதாக நிரூபணமாகாவிட்டாலும், காரணமில்லாத சமமற்ற நடத்தை என்பது நிற்கும்.

"தமிழன் என்பதால் ஒதுக்குகிறார்கள்" என்ற வரி எதையும் நிரூபிக்காது. லீவு மறுக்கப்பட்டதை உதாரணமாக எடுத்தால், ஒரு தாளின் நடுவில் கோடு கீறுங்கள். இடப்பக்கம் நீங்கள்: பதவி, சேர்ந்த திகதி, கேட்ட லீவு, மறுத்த திகதி, சொன்ன காரணம். வலப்பக்கம் அதே பதவியில், அதே பொலிஸ் நிலையத்தில், அதே மாதத்தில் லீவு கிடைத்த வேற்று இனத்தவர். ஒரே ஒரு ஆளை ஒப்பிட்டால் தற்செயல் என்பார்கள். மூன்று நான்கு பேர் என்றால் விளக்கம் சொல்லியாகவேண்டும். வலப்பக்கத்துக்குத் தேவையான பதிவேட்டை நீங்களே போட்டோ கொப்பி எடுக்காதீர்கள், அதை வைத்தே ஒழுக்காற்று விசாரணை தொடங்கலாம். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஆனால் முடிவுக்கே 14 வேலை நாள், பிறகு தகவல் தர 14 நாள். அதற்காகக் காத்திருந்தால் மாதம் கடந்துவிடும். விண்ணப்பத்தையும் முறைப்பாட்டையும் ஒரே நாளில் கொடுங்கள்.

முறையிட்ட பிறகு வரும் பழிவாங்கலுக்கு மூன்று திகதி வேண்டும்: முறையிட்டது, அது மேலதிகாரிக்குத் தெரியவந்தது, இடமாற்றமோ குற்றப்பத்திரமோ வந்தது. நடுத் திகதி இல்லாததால்தான் பல முறைப்பாடுகள் விழுகின்றன. "எனக்குத் தெரியாது" என்று அதிகாரி சொன்னால் என்ன காட்டுவீர்கள்? விளக்கம் கேட்டு ஆணைக்குழு பொலிஸுக்கு அனுப்பும் கடிதத்தின் திகதிதான் இங்கே கைகொடுக்கும். அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பழிவாங்கல் ஒவ்வொன்றும் புதிய மீறல் என்பதால், அன்றிலிருந்து ஒரு மாதத்தைப் புதிதாக எண்ணி, தனி முறைப்பாடாகவே கொடுங்கள்.

பதவி உயர்வு, இடமாற்றம், ஒழுக்காற்று விடயங்களில் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் கட்டளைக்கு எதிராக நிருவாக மேன்முறையீட்டு நியாயசபைக்கும் போகலாம். அங்கே போயிருப்பதால் உயர் நீதிமன்றத்துக்கான ஒரு மாதம் நிற்காது.