ஆர் மொழியில் வரிசை கலையாத ஓர் அகராதி

ஒரு மொத்தக் கடையின் விலைப்பட்டியலை ஆறு வருஷமாக ஆர் (R) என்ற கணினி நிரல் மொழியில்தான் வைத்திருக்கிறேன். சரக்கின் பெயரும் தேதியும் கொடுத்தால் அன்றைய ரேட் வர வேண்டும், அவ்வளவுதான். இப்படிப் பெயரைக் கொடுத்து மதிப்பை எடுக்கும் அமைப்பைத்தான் இங்கே அகராதி என்கிறேன்.

முதலில் சாதாரண லிஸ்ட், அதாவது பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல். பெயர் சொல்லி மதிப்பை எடுக்கும் டாலர் குறி ($) போட்டு 'மல்லி' கேட்டேன். அந்தப் பெயரே பட்டியலில் இல்லை, இருந்தது 'மல்லித்தூள்'. ஆர் சத்தமில்லாமல் தூள் விலையை எடுத்து நீட்டிவிட்டது, மூன்று நாள் பில் கெட்டது. பெயரின் முன்பகுதி ஒன்றோடு மட்டும் பொருந்தினால் டாலர் குறிக்கு அதுவே போதும். இரட்டைச் சதுர அடைப்பில் ([[ ]]) கேட்டால்தான் முழுப்பெயரைப் பார்க்கும்.

பிறகு என்விரான்மென்ட், பெயரோடு மதிப்பை வைக்க ஆர் தரும் இன்னொரு பெட்டி. உள்ளே ஹாஷ் டேபிள் (பெயரை வைத்தே இடத்தைக் கணக்கிடும் அமைப்பு) என்பதால் தேடல் வேகம். ஆனால் பெயர்களைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) கட்டளை போட்டதும் பெயர்கள் வரிசையாக வருகிறதே என்று ஏமாறக் கூடாது. காட்டும்போது அடுக்குகிறது, உள்ளே வரிசை கிடையாது. "மார்ச் 5-க்கு முன் கடைசியாக மாறிய ரேட் எது?" என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை.

டேட்டா.டேபிள் என்பது ஆரில் சேர்த்துக்கொள்ளும் அட்டவணைத் தொகுப்பு. அதில் செட்கீ, அதாவது எந்த நெடுவரிசைகளைத் தேடல் சாவியாக (கீ) வைப்பது என்று சொல்லும் கட்டளை, போட்ட பிறகுதான் நிம்மதி. அட்டவணையை நகலெடுக்காமல் இருந்த இடத்திலேயே அடுக்கிவிடும். அப்புறம் பைனரி சர்ச், ஒவ்வொரு தடவையும் பாதியை ஒதுக்கித் தேடுவது. பத்து லட்சம் வரி இருந்தாலும் சுமார் 20 ஒப்பீட்டில் வரி கிடைத்துவிடும். இதில் நான் மயங்கியது, கேட்ட தேதி இல்லாவிட்டால் அதற்கு முந்தைய வரியைத் தரும் ரோல் வசதியில். மார்ச் 1-ல் 82 ரூபாய், 9-ல் 85 என்று இரண்டே வரி இருக்க, 5-ஆம் தேதியைக் கேட்டால் 82 வருகிறது. கீயில் தேதி கடைசியாக இருக்க வேண்டும். ரோல் கீயின் கடைசி நெடுவரிசைக்குத்தான் செல்லும். மாற்றி வைத்து ஒரு மாலை முழுக்க முழித்தேன்.

அகராதி என்று நம்பி ஒரே கீயை இரண்டு தடவை ஏற்றினால் தடுக்காது, இரண்டு வரியும் வரும். நிமிஷத்துக்கு ஒரு வரி சேர்க்கிற வேலைக்கும் இது ஆகாது: ஒவ்வொரு தடவையும் ஒட்டி, மறுபடி அடுக்க வேண்டும். நான் இரவில் ஒரே மூச்சாக ஏற்றிவிடுகிறேன்.

தமிழ்ப் பெயர்களைக் கீயாக வைப்பவர்களுக்கு இன்னொன்று. செட்கீ யூனிகோட் (கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் முறை) எண் வரிசையில் அடுக்கும். யூனிகோடில் 'வ'-வுக்கு முன்பே 'ழ' வந்துவிடுகிறது. அதனால் கழற்சிக்காய்க்குப் பின்னால்தான் கவுனி அரிசி. தேடலுக்கு ஒன்றும் கெடாது. ஆனால் அச்சடித்த பட்டியலைப் பார்த்த கணக்கப்பிள்ளை, "தம்பி, உங்க கம்ப்யூட்டர் அரிச்சுவடி படிக்கலையா?" என்றார். அச்சுக்கு மட்டும் வரிசை எண் என்று தனி நெடுவரிசை வைத்துவிட்டேன்.