புல்தரை போட ஆள் விடறவங்க முதல்ல மண்ணப் பாருங்க, நாங்க பாக்காம விட்டுட்டோம்

வீட்டு முன்னாடி லான் போடணும், செடி வைக்கணும்னு ஆள் தேடிட்டு இருக்கறவங்க இத முழுசா படிச்சுட்டு அப்புறமா அட்வான்ஸ் குடுங்க. நாங்க மொத்தம் 26,500 ரூபா குடுத்துருக்கோம், அந்தக் காசுக்கு எங்க வாசலுக்கு வந்து சேந்தது கோரைங்கற களைதான்.

எங்க வீடு கோயம்புத்தூர்ல, சரவணம்பட்டி தாண்டி. வீடு கட்டி முடிச்சு ரெண்டு வருசமா முன்பக்கம் சும்மாவே கிடந்துச்சு, கட்டும்போது கொட்டுன ஜல்லி, உடைஞ்ச செங்கல், சிமெண்ட் கட்டி எல்லாம் மேல கொஞ்சம் மண்ணு மூடி அப்படியே இருந்துச்சு. ஆடிப்பட்டம் தேடி விதைக்கணும், வெண்டை கத்தரி அவரை எல்லாம் இப்ப போட்டாத்தான்னு அத்தை ஆனி மாசம் பூரா சொல்லிட்டே இருந்தாங்க. சரி ஒரேயடியா பண்ணிடலாம், வாசல்ல 400 சதுர அடிக்கு கொரியன் புல்லு, காம்பவுண்ட் ஓரமா காய்கறிக்கு ஒரு பாத்தி, நடுவுல ரோஸும் செவ்வந்தியும்னு முடிவு பண்ணுனோம். தெரிஞ்சவங்க ஒருத்தங்க நம்பர் குடுத்தாங்க. அவரு வந்து பாத்துட்டு, இருக்கற கட்டட வேஸ்ட்ட அரை அடிக்கு வெட்டி எடுத்துட்டு, ரெண்டு யூனிட் (ஒரு யூனிட்டுன்னா 100 கன அடி) நல்ல செம்மண் கொட்டி, தொழு உரம் கலந்து, அது மேல புல்லு பதிச்சுத் தர்றேன், சதுர அடிக்கு 55 ரூபான்னாரு. அது 22,000. பாத்தி, ரோஸ் செடி, விதை எல்லாம் சேத்து தனியா 4,500. போன்ல நிறைய போட்டோ காட்டுனாரு, எல்லாமே கம்பளம் விரிச்ச மாதிரி பச்சைப்பசேல்னு இருந்துச்சு. அது எல்லாம் புல்லு பதிச்ச அன்னைக்கோ மறுநாளோ எடுத்த போட்டோன்னு அப்ப எனக்குப் புரியல. ஆறு மாசம் ஆன லான் ஒண்ணு காட்டுங்கன்னு கேட்டுருக்கணும், கேக்கல.

வேலை நடந்த ரெண்டு நாளும் நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ். அத்தை மட்டும்தான் வீட்டுல, அவங்களுக்கு முட்டி வலி, வெளிய வந்து நிக்க முடியாது. மண்ணு வந்ததே ராத்திரி ஏழரை மணிக்கு மேலதானாம், ஒரே ஒரு ட்ராக்டர். இருட்டுல கொட்டி அப்பவே பரப்பிட்டாங்க. மறுநாள் சாயங்காலம் நான் வந்து பாக்கும்போது வாசல் பூரா பச்சை, தண்ணி தெளிச்சு பளபளன்னு இருந்துச்சு, எனக்கு மனசெல்லாம் நிறைஞ்சு போச்சு, மிச்சப் பணத்த அந்த நிமிசமே ஜிபே பண்ணிட்டேன். ஒரு கம்பிய எடுத்து மண்ணுல குத்திப் பாத்துருந்தா அன்னைக்கே தெரிஞ்சுருக்கும்.

பத்தாவது நாள் புல்லுக்கு நடுவுல ஊசி ஊசியா ஏதோ நிமிந்து நின்னுச்சு. கொரியன் புல்லு மெதுவா வளர்ற வகை, இது ரெண்டே நாள்ல அதுக்கு மேல நாலு விரக்கடை போயிடுச்சு. நான் அதுவும் புல்லுதான்னு நெனச்சுட்டேன். அத்தை மெதுவா படி இறங்கி வந்து ஒண்ண பிடுங்கி, அதோட தண்ட ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு உருட்டிப் பாருன்னாங்க. உருட்டுனா மூணு பட்டையா தட்டுப்படுது. "கண்ணு, புல்லுன்னா உருண்டையா இருக்கும், இது கோரை"ன்னாங்க. அப்புறம் ஒரு இடத்துல கரண்டிய விட்டு மண்ணோட நெம்பி எடுத்தோம். கம்பி மாதிரி மெல்லிசா ஒரு வேர், அதுல கருப்பா, மேல முடி மாதிரி நாரு மூடி, நெலக்கடலை சைஸுக்குக் கிழங்கு, அதுலருந்து இன்னொரு வேர், அதுல இன்னொரு கிழங்கு, மணி கோத்த மாதிரி அஞ்சு வந்துச்சு, ஆறாவது அந்துபோய் உள்ளயே நின்னுடுச்சு. நகத்தால கீறுனா உள்ள வெள்ளையா இருந்துச்சு, அப்படியே நலங்கு மாவு வாசம். நாட்டு மருந்துக் கடையில குளியல் பொடிக்குன்னு வாங்குறோமே கோரைக்கிழங்கு, அதேதான்.

இத மேலாக்க பிடுங்கறதுல ஒரு பிரயோஜனமும் இல்லங்க. மேல இருக்கற தாள் போனா கிழங்கு மறுபடி முளைவிடுது. மம்முட்டியால கொத்துனா அந்தக் கோர்வை அந்து, தூங்கிட்டு இருந்த கிழங்கெல்லாம் தனித்தனியா முளைக்க ஆரம்பிச்சுடுது. நான் விவரம் தெரியாம ஒரு ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து கொத்துனேன், மூணு வாரத்துல முன்ன இருந்தத விட அடர்த்தியா வந்துச்சு.

அந்தக் கோவத்துல ஓரமா ஒரு அடிக்குத் தோண்டிப் பாத்தோம். மேல ரெண்டு இஞ்சு செம்மண், அதுக்குக் கீழ எங்க பழைய செங்கல்லும் சிமெண்ட் கட்டியும் வெச்ச இடத்துல வெச்ச மாதிரி கிடக்குது. வெட்டவே இல்ல. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க, 400 சதுர அடிக்கு அரை அடின்னா 200 கன அடி, அது ரெண்டு யூனிட், சரியா வருது. ரெண்டு இஞ்சுன்னா 67 கன அடி கூட வராது. ரெண்டு யூனிட்டுக்குக் காசு வாங்கிட்டு ஒரு யூனிட்டுல முக்கால்வாசி கூடக் கொட்டல. கொட்டுனதும் ஏதோ கோரை பிடிச்ச காலி இடத்துல சுரண்டிட்டு வந்த மண்ணு. எந்த ஊரு மண்ணுன்னு இன்னைக்கு வரைக்கும் அவரு வாயில இருந்து வரல. ரோஸ் செடி இலையெல்லாம் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னதுக்கும் அப்பத்தான் காரணம் தெரிஞ்சுச்சு, சிமெண்டு சுண்ணாம்பு கலந்த மண்ணுல செடிக்கு இரும்புச்சத்து எடுக்க முடியாது, அதான் அப்படி ஆகும். ஒரு கைப்பிடி மண்ணுல வினிகர் ஊத்திப் பாத்தேன், சுருசுருன்னு நுரை பொங்குச்சு. (நம்ம பக்கம் சில இடத்துல மண்ணுலயே சுக்கான்னு சுண்ணாம்புக் கல்லு இருக்கும், அதுவும் பொங்கும். எங்களுது அப்படி இல்ல, சிமெண்ட் கட்டி கண்ணுக்கே தெரியுது.)

விதையும் அதே லட்சணம்தான். நாட்டு விதைன்னு ஜிப் கவர்ல குடுத்தாரு, மேல ஒரு எழுத்து கிடையாது. முறையா விக்கற விதைன்னா லேபிள்ல லாட் நம்பர், முளைப்புத்திறன் எத்தன சதவீதம், டெஸ்ட் பண்ணுன தேதி எல்லாம் இருக்கணும். அவரைல இருவது போட்டு மூணு முளைச்சுது. இனிமே எந்த விதை வாங்குனாலும் பத்து எடுத்து ஈரத்துணியில சுத்தி வச்சு எத்தன முளைக்குதுன்னு பாத்துட்டுத்தான் மண்ணுல போடறேன், பட்டம் தப்பிப்போச்சுன்னா அடுத்த பட்டம் வரைக்கும்ல காத்திருக்கணும்.

போன் பண்ணுனா முதல்ல "மழை பேஞ்சா களை வரத்தானுங்க்கா செய்யும்"னாரு. நாலஞ்சு தடவை கூப்ட்டதுக்கப்புறம் ஒரு பையன அனுப்பி வச்சாரு, அவன் லேபிள் இல்லாத தண்ணி பாட்டில்ல ஏதோ மருந்து கொண்டு வந்து நான் இல்லாத நேரத்துல அடிச்சுட்டுப் போயிட்டான். அன்னைக்கு நல்ல காத்து. ஒரு வாரத்துல பாத்தியில இருந்த வெண்டையும் தக்காளியும் இலை முறுக்கி, குறுகி, விரல மடக்குன மாதிரி ஆயிடுச்சு. தோட்டக்கலை ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போய் காட்டுனேன், அங்க இருந்த அலுவலர் பாத்ததும் 2,4-டி மாதிரி களைக்கொல்லி காத்துல பட்டா இப்படித்தான் ஆகும், இதுல காய் வந்தாலும் சாப்பிடாதீங்க, பிடுங்கிடுங்கன்னு சொன்னாங்க. பூ எடுத்து நின்ன வெண்டைங்க, பதினாலு செடி. அத்தை தினம் காலைல எந்திரிச்சதும் அதத்தான் போய் பாப்பாங்க. எனக்குக் காசு போனதக் காட்டிலும் அதுதான் தாங்கல. என்ன மருந்து அடிச்சீங்கன்னு அந்த ஆள எத்தனையோ தடவை கேட்டாச்சு, பதில் இல்ல. சின்னக் குழந்தை இருக்கற வீடா இருந்தா என்ன ஆகறது? வாசல்ல பேர் தெரியாத மருந்த யாரையும் அடிக்க விடாதீங்க, டப்பாவ காட்டு, லேபிள படிச்சுட்டு அப்புறம் அடிக்க விடறேன்னு சொல்லுங்க.

இப்போ வேற ஒரு பெரியவர் வந்து கொஞ்சம் கொஞ்சமா, வாரத்துக்கு நாப்பது சதுர அடின்னு தோண்டி, மண்ண சல்லடைல சலிச்சு கிழங்க பொறுக்கிட்டு இருக்காரு. பொறுக்குன கிழங்க குப்பைக்குழில போடாம காயவச்சு எரிக்கறோம். இவரு மண்ணு எடுக்கப் போகும்போது என்னையும் கூடவே வரச்சொன்னாரு, பகல்லதான் இறக்குவேன்னாரு, வண்டியிலயே அரை அடிக்குக் கைய விட்டுத் துழாவி காட்டுனாரு. ஒரு பாட்டில்ல பாதி மண்ணு பாதி தண்ணி ஊத்தி குலுக்கி ராத்திரி பூரா வச்சோம், காலைல அடியில மணல், மேல வண்டல், அதுக்கும் மேல களின்னு தனித்தனியா படிஞ்சு நின்னுச்சு. கூலிய கூட மூணுல ஒரு பங்கு நாப்பத்தஞ்சு நாள் கழிச்சுக் குடுங்கன்னு அவரே சொல்றாரு, களை வருதா இல்லையான்னு அதுக்குள்ள தெரிஞ்சுடும்ல.

பழைய ஆள்கிட்ட பில் எதுவும் இல்ல. ஜிபே ரெசீட்டு, சாட், தோண்டும்போது இஞ்ச் டேப் வச்சு எடுத்த போட்டோ எல்லாம் சேத்து 1915க்கு கூப்ட்டு நுகர்வோர் புகார் பதிஞ்சு வச்சிருக்கேன். இவ்ளோ நாள் இத எழுதல, பணம் திரும்ப வந்தா போதும்னு இருந்தேன். நேத்து அவரோட வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல ஒரு லான் போட்டோ, கீழ "கொரியன் கிராஸ், சதுர அடி 55 மட்டும்"னு போட்டுருக்காரு. ஓரத்துல எங்க வீட்டு நீலக் கேட்டும் அத்தையோட பிளாஸ்டிக் சேரும் தெரியுது. புல்லு பதிச்ச அன்னைக்கு சாயங்காலம் எடுத்தது. கோயம்புத்தூர் பக்கம் யாருக்காவது அந்த போட்டோ வந்துருந்தா, நீலக் கேட்டு வீடுன்னா அது நாங்கதான், எனக்கு ஒரு மெசேஜ் பண்ணுங்க, அதே இடம் இப்ப எப்படி இருக்குன்னு போட்டோ அனுப்பறேன்.